அரை வீசம்

மாலை ஐந்துக்குள் அனுப்பச் சொல்லி
டெல்லியிலிருந்து ஒரு படிவம்.
பதினான்காம் கட்டம் கேட்கிறது:
உலகின் முன்னணி ஆய்விதழ்களில்
இந்த நிலையத்தின் வழியாக
நாட்டின் பங்கு எவ்வளவு?

நீடாமங்கலத்துக்குத் தெற்கே
கோரையாறு பாயும் நிலத்தில் எங்கள் நிலையம்.
தலைவர் விடுப்பில் இருக்கிறார்.
நாடு என் மேசைக்கு வந்துவிட்டது.

இந்த வருடம் ஒரே ஒரு கட்டுரை,
நெல்வயல் விடும் மீத்தேன் பற்றி.
பதினொரு நாடுகள், எண்பது பெயர்கள்.
பெயர்களுக்கே ஒன்றரைப் பக்கம்.
விதி எளிது.
கட்டுரை ஒன்று என்றால்
ஆளுக்கு எண்பதில் ஒன்று.

எண்பதில் ஒன்றா,
காணி என்று சொல்லித் தொலைக்கக் கூடாதா?
காணி நிலத்துக்காக
மன்னார்குடி கோர்ட்டுக்கு நடந்தே
செருப்புத் தேய்ந்தவர்களின் ஊர் இது.

எங்கள் ஆட்கள் மூன்று பேர்.
அதில் இளம்பரிதிக்கு இரண்டு முகவரி,
ஒன்று இங்கே, ஒன்று நெதர்லாந்தில்.
அவர் காணியில் பாதி
கடல் தாண்டிப் போனது.
மிச்சம் இரண்டரைக் காணி,
கூட்டிக் கழித்தால் அரை வீசம்.
கால்குலேட்டர் சொல்கிறது:
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் மூன்று ஒன்று இரண்டு ஐந்து.
படிவம் புள்ளிக்குப் பிறகு
இரண்டு இலக்கத்துக்கு மேல் வாங்காது.

போன குறுவையில்
அந்தப் பெட்டியைப் பயிர்மேல் கவிழ்த்தவள்
தையல்நாயகி.
நடுச்சாமம், மூன்று மணி, விடிந்தால் ஆறு மணி.
முழங்கால் சேற்றில் நின்று
ஊசிக்குழலில் காற்றை உறிஞ்சி
குப்பியில் அடைத்து
தலைவிளக்கு வெளிச்சத்தில் எண் எழுதுவாள்.
அவள் எழுதும் ஏழும் ஒன்றும் ஒரே மாதிரி இருக்கும்,
அதற்காக மட்டும் மூன்று மின்னஞ்சல்கள் வந்தன.
ஆவணி மாதத்து ஒரு வரிசையில்
குறிப்புப் பத்தியில் எழுதியிருந்தாள்:
'பாம்பு. மறுபடி எடுத்தேன்.'
நம்பகம் குறைவென்று
அந்த வரிசையை அங்கே நீக்கிவிட்டார்கள்.

கட்டுரை வந்த அன்று அவளிடம் காட்டினேன்.
எண்பது பேர் சேர்ந்து செய்தது என்றேன்.
"எண்பது பேரா?
எங்க நின்னாங்க அத்தனை பேரும்?
வரப்பு ஒடஞ்சிருக்குமே."
பிறகு கேட்டாள்,
ராத்திரிப் படி ரெண்டு நாளுக்கு
இன்னும் வரலையே, என்னாச்சு சார்?

கட்டுரையின் கடைசிப் பக்கங்களில்
ஓர் அட்டவணை இருக்கிறது,
எந்த நாட்டு வயல்
எத்தனை டன் வாயு விடுகிறது என்று.
அதை மட்டும் நான் இரண்டு தடவை படித்தேன்.
அதில் காணி இல்லை, வீசம் இல்லை,
யாருக்கும் இரண்டு முகவரி இல்லை.
எங்கள் சேறு விட்ட மூச்சு
ஒரு குமிழிகூடக் குறையாமல்
முழுசாக எங்கள் கணக்கில்.
அதை அளந்து சொன்னதில் எங்களுக்கு
அரை வீசம்,
அதிலும் நுனி வெட்டியது.

மணி நாலு ஐம்பது.
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் மூன்று என்று அடித்தேன்.
வெட்டுப்பட்ட எண்ணூறில் ஒன்று
எங்கே போகும் என்று யோசித்தேன்.
யாருக்கும் போகாது.
கணினி அதை வைத்துக்கொள்ளவும் இல்லை.
கீழே ஒரு கட்டம், குறிப்பு ஏதும் உண்டா என்றது.
'பாம்பு' என்று அடித்துவிட்டு
அழித்தேன்.
அனுப்பினேன்.

அடுத்த காகிதத்தை எடுத்தேன்.
இரவுப் படி, தையல்நாயகி, நாள் இரண்டு,
ரூபாய் எழுநூறு.
முழு எண்.
எட்டு மாதமாக
ஒரு கையெழுத்துக்குக் கிடக்கிறது.